கழற்ற முடியாத சிம்மும் வாயால் சொல்லாத கலியாணமும்

அன்பு மகனே, அதாவது அப்பா,

எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு இந்த முறை ஒவ்வொரு தாய் தகப்பனும் தம் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்று ரீச்சர் கேட்டிருந்தார். அந்தத் தாளை நான் கொண்டுவந்து தந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? மூக்குக் கண்ணாடியைத் தேடினீர்கள். கிடைத்ததும் போடாமலே திரும்ப வைத்தீர்கள். "நீயே எழுதி விடம்மா, நான் கீழ கையெழுத்து வைக்கிறன்" என்றீர்கள். காப்புறுதிக்காரருக்குப் போன அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எல்லாம் இந்த வீட்டிலிருந்து அப்படித்தான் போயிருக்கிறது. இந்த ஜெர்மன் நகரசபையில் டெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எடுத்ததும், அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று கதைத்ததும், முன்பல் விழுந்த வயசிலிருந்தே நான்தான். ஆகவே பெற்றோர் கடிதம் எழுதுவதென்றால், இந்த வீட்டில் பெற்றோர் யார் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. தீர்மானித்துவிட்டேன். பதினேழு வருசமாக என்னை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டவர் நீங்கள்தானே. கூப்பிட்ட குற்றத்துக்கு இப்போது மகனாக இருந்து கேளுங்கள். மரியாதை குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். எங்கள் ஆட்கள் கைக்குழந்தையிடமே "வாங்கோ, குடியுங்கோ" என்றுதான் சொல்வார்கள். உங்களுக்கும் அதே 'ங்கோ' உண்டு.

வருகிற சனிக்கிழமை நீங்கள் தனியாக டொரொண்டோவுக்குப் பறக்கிறீர்கள். பிள்ளை தூர இடத்துக்குப் போகும்போது புத்தி சொல்லி அனுப்புவது தாய்க்கு அழகு. என்னிடம் புத்தி கொஞ்சமும் வருத்தம் நிறையவும் இருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. அந்த இடம் உங்கள் போனுக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிம். அதனால் சிம்மிலிருந்தே தொடங்குகிறேன். கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

உங்கள் பழைய பிளாஸ்ரிக் சிம் ஒரு இடத்தில் நிம்மதியாக இருந்ததே இல்லை. கார் உதிரிப்பாகம் செய்யும் உங்கள் தொழிற்சாலைக்குள் கமரா உள்ள போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பிடித்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் போக முன்னம் நீங்கள் நடையில் இருக்கிற சப்பாத்துத் தட்டின் மேல் குந்தி, அம்மாவின் தோட்டுக் கம்பியால் போனின் பக்கத்தைக் குத்தி, அந்தக் குட்டித் தட்டை வெளியே இழுத்து, சிம்மைக் கழற்றி, ஒரு சட்டத்துக்குள் வைத்து, கமரா இல்லாத பட்டன் போனுக்குள் போடுவீர்கள். வேலை முடிந்து வந்ததும் அதே இடத்தில் குந்தி எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வீர்கள். அந்தச் சப்பாத்துத் தட்டைத்தான் நான் சிம்மாசனம் என்று சொல்லுவேன். ஷிப்டுக்கு ஷிப்ட் ஆட்சி மாறும். அம்மா ஒருநாள், "என்ர காதைவிட இந்த மனுசன்ர போனுக்குத்தான் என்ர தோடு கூடக் குத்தியிருக்கும்" என்றா. போன கோடை விடுமுறையில் ஒருநாள் சிம் கைதவறி சப்பாத்துக்குள் விழுந்தது. எந்தச் சப்பாத்து என்று தெரியாமல் வீட்டிலிருந்த அத்தனை சப்பாத்தையும் கவிழ்த்துக் கொட்டினோம். அன்றைக்குத்தான் நான் கையை ஓங்கி அறிவித்தேன்: "அப்பா, இனி உங்களுக்கு ஈ-சிம்."

"ஈயோ?" என்றீர்கள். "ஈ போனுக்குள்ள போனால் அடிச்சுக் கலைக்கத்தானே வேணும்."

அன்றைக்கு நான் கடைக்காரர் மாதிரி அவசரமாகச் சொன்னதை இப்போது ஆறுதலாகச் சொல்கிறேன். சிம் என்பது உங்கள் நம்பரை எழுதிவைத்த துண்டு என்றுதான் நீங்கள் நினைத்திருந்தீர்கள். உண்மையில் அது உங்களுக்காகச் சாட்சி சொல்லும் ஒரு ஆள். உங்கள் போன் கோபுரத்தைக் கூப்பிட்டு "நான் வந்திருக்கிறேன்" என்றால் கோபுரம் சும்மா நம்பிவிடாது. ஒரு கணக்குக் கொடுத்து விடை கேட்கும். விடை காண ஒரு இரகசியச் சாவி வேண்டும். அது போன் நிறுவனத்திடமும் உங்கள் சிம்முக்குள்ளும் மட்டும்தான் இருக்கிறது. சாவியை வெளியே காட்டாமல் சிம் விடையை மட்டும் சொல்லும். சரியென்றால், "ஓம், இது அவர்தான்" என்று உள்ளே விடுவார்கள். பிளாஸ்ரிக் சிம்மில் அந்தச் சாவியை முன்கூட்டியே எழுதி அடைத்து உங்கள் கையில் தந்துவிடுகிறார்கள். ஈ-சிம்மில், போனைத் தொழிற்சாலையில் உருவாக்கும்போதே சிப் என்கிற சில்லை அதன் உடம்போடு ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் ஆள் குடிவராத அறை மாதிரி அது வெறுமையாக இருக்கும். பிறகு நிறுவனம் ஒரு கியூஆர் கோடு அனுப்பும். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் சாவி இல்லை. சாவியை எங்கே போய் வாங்கலாம் என்ற விலாசம்தான் இருக்கிறது. போன் இணையம் வழியாக அங்கே போய், தான் யாரென்று நிரூபித்து, உங்கள் சாவியும் விபரமும் அடங்கிய பொதியைப் பூட்டியபடியே இறக்கிக்கொண்டு வந்து அந்த அறையில் குடிவைக்கும். குடிவந்ததும் பழைய பிளாஸ்ரிக் துண்டு செத்துவிடும்.

இதில் நன்மை நிறைய. தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தோட்டுக் கம்பி வேண்டாம். பல நம்பர்களின் பொதிகளை ஒரே போனுக்குள் வைத்திருக்கலாம். அநேகமான போன்களில் இரண்டு நம்பர் ஒரே நேரத்தில் விழித்திருக்கும். வெளிநாடு போனால் இறங்கின இடத்தில் சிம் கடை தேடத் தேவையில்லை, இங்கிருந்தே அந்த நாட்டு இணைப்பை வாங்கி ஏற்றிவிடலாம். போனைக் கள்ளன் பறித்துக்கொண்டு ஓடினாலும் சிம்மைக் கழற்றி எறிய அவனால் முடியாது. இத்தனையையும் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்.

"அப்ப வேலைக்குப் போகேக்க இதை என்னெண்டு கழட்டுறது?"

"கழட்டவே ஏலாது அப்பா! அதுதானே இதில விசேஷம்!"

"கழட்ட ஏலாததில என்ன விசேஷம் இருக்கு?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற அம்மா, "கலியாணத்தையும் அப்பிடித்தான் சொல்லி எங்களை ஏமாத்தினவை" என்றா. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பில் உங்கள் கேள்வி அடிபட்டுப் போய்விட்டது. என்னுடைய முதல் வருத்தம் இது, மகனே. தினமும் கழற்றிப் பூட்டுகிற ஒரு மனுசனிடம், கழற்ற முடியாது என்பதை நான் பரிசு மாதிரி நீட்டினேன். அதே நம்பருக்கு இன்னொரு பிளாஸ்ரிக் சிம்மும் வாங்கலாம், அதைப் பட்டன் போனுக்குள் நிரந்தரமாகப் போட்டுவிட்டால் இரண்டு போனும் சேர்ந்து அடிக்கும், சில நிறுவனங்கள் கொஞ்சம் கூடக் காசு வாங்கிக்கொண்டு அதைத் தருகின்றன என்றெல்லாம் பிறகுதான் வாசித்து அறிந்தேன். உங்கள் கேள்வியை ஒரு நிமிசம் மதித்திருந்தால் அன்றைக்கே வாசித்திருப்பேன். யாராவது உங்களிடம் கேள்வி கேட்டால், விளங்காமல் கேட்கிறார் என்று உடனே முடிவெடுக்காதீர்கள். அவருக்கு ஏதோ ஒன்று எங்களைவிட நன்றாக விளங்கியிருக்கலாம்.

ஈ-சிம்மை ஏற்றிவிட்டேன், அன்றிலிருந்து நீங்கள் வேலைக்குப் போகும்போது போன் குசினி மேசையில் கிடக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அதற்குப் பக்கத்தில் நானும் கிடந்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

நான் குரல் மாற்றுவதில் கெட்டிக்காரி என்பது இந்த ஊர்த் தமிழர் எல்லோருக்கும் தெரியும். கோயில் ஒலிபெருக்கியில் வாகன இலக்கம் வாசிக்கிற அண்ணை, ரயில் பிந்தும் என்பதைச் சந்தோசச் செய்தி மாதிரி சொல்கிற, எங்கள் ஊரான ஹம்மின் ஸ்டேசன் குரல், கதவைத் திறந்ததும் சப்பாத்தைக் கழற்றச் சொல்கிற அம்மா, எல்லோரும் என் தொண்டைக்குள் வாடகை இல்லாமல் இருக்கிறார்கள். ஆனால் என்னுடைய தலைசிறந்த படைப்பு அந்த ஜெர்மன் ரெலிபோன்காரி. இல்லாத நம்பருக்கு எடுத்தால் வருவாவே, அந்த அறிவிப்புக்காரி. "கைன் அன்ஷ்லுஸ் உன்டர் டீசர் நும்மர்." இந்த இலக்கத்தில் இணைப்பு எதுவும் இல்லை. அழகாக, ஈரமே இல்லாமல் சொல்லுவேன். காப்புறுதி விற்கிறவர்களை அதனால் கலைத்தேன். உங்களோடு சீட்டுக் கடதாசி விளையாடுகிற அண்ணைமாரை அதனால் சுற்றலில் விட்டேன். அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக் களைத்துப்போன கதையைச் சொல்லும்போது எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவர் நீங்கள்தான். "என்ர பிள்ளை சோறு இல்லாட்டியும் பகிடி விட்டுப் பிழைச்சிடும்" என்றீர்கள். அந்தப் பாராட்டுப் பத்திரத்தை இப்போது திருப்பித் தருகிறேன், வாங்கி வையுங்கள்.

இனிச் சித்தப்பாவிடம் வருகிறேன். மலர் வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்பாவுக்கு ஒரே ஒரு தம்பி. டொரொண்டோவில் இருக்கிறார். என் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, பிறகு இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. காரணம் அப்பாவின் பெருவிரல். எங்கள் ஆட்களிடம் ஒரு நல்ல காரியத்துக்குக் கார்ட் அனுப்பினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். அதுவும் கூடப்பிறந்தவருக்கு முதலில் சொல்ல வேண்டும். அப்பா அந்த நேரம் மண்டபம், சமையல், ஷிப்ட் என்று ஓடிக்கொண்டிருந்தவர், எல்லோருக்கும் அனுப்பின அதே வாட்சப் செய்தியைத் தம்பிக்கும் தட்டிவிட்டார். கீழே ஒரு கும்பிடுகிற கை. அவ்வளவுதான். சித்தப்பா அதற்குப் பதில் போடவில்லை, விழாவுக்கு வரவில்லை, பிறகு அப்பாவை வாட்சப்பில் தடுத்தும் விட்டார். "ஊர்ச் சனத்துக்குப் போட்டதையே எனக்கும் போட்டவர்" என்று இருவருக்கும் அக்காவான லண்டன் மாமியிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அதற்கு, "அவனுக்கு நான் தனியா மேளம் அடிச்சுச் சொல்லவேணுமோ" என்றார். மேளமே தேவையில்லை, ஒரு போன் போதும் என்பது இருவருக்கும் தெரியும். அதன்பிறகு நாங்கள் வீடும் மாறினோம். சித்தப்பாவிடம் மிஞ்சியது அப்பாவின் நம்பர் மட்டும்தான். அந்த நம்பரை அப்பா ஜெர்மனிக்கு வந்து முதல் போன் வாங்கின நாளிலிருந்து மாற்றவே இல்லை. நிறுவனம் மாறினாலும் நம்பரைக் கையோடு கொண்டுபோனார். ஏனென்று கேட்டால், "சும்மா" என்பார்.

இலையுதிர்கால விடுமுறையில் ஒரு மத்தியானம். நீங்கள் வேலை. அம்மா முதியோர் இல்லத்தில் தன் வேலை. நான் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேசையில் உங்கள் போன் அடித்தது. தெரியாத ஜெர்மன் நம்பர். யாரோ மின்சாரம் விற்கிறவர் என்று நினைத்தேன். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை, நினைக்கிற அளவுக்கு நேரமே எடுக்கவில்லை. கரண்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு ஹலோ கூட இல்லாமல், அந்த அறிவிப்புக்காரியைப் பேசவிட்டேன். கைன் அன்ஷ்லுஸ். இரண்டு தரம், அசல் மாதிரியே, நடுவில் அளவான இடைவெளியோடு. அந்தப் பக்கம் பெரிய கூடத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ இன்னொருவர் ஏதோ விளக்கினார். பிறகு ஒரு ஆண்குரல், "அட" என்றது. கட் ஆனது. நான் சிரித்துக்கொண்டே நூடில்சுக்குத் திரும்பினேன். ஆறிப்போயிருந்தது.

அடுத்த ஞாயிறு லண்டன் மாமி எடுத்தா. நீங்கள் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டினீர்கள்.

"தம்பி, நீ என்னடா நம்பரை மாத்திப்போட்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்கிறாய்?"

"நான் மாத்தேல்லை அக்கா. நீங்கள் இப்ப எடுத்ததே அந்த நம்பருக்குத்தானே."

"அப்ப சின்னவன் ஏன் அப்பிடிச் சொல்லுறான்? மகளின்ர கலியாணத்துக்குக் கூறை எடுக்க சென்னைக்குப் போட்டுத் திரும்பேக்க பிராங்க்பேர்ட்டில கன நேரம் நிண்டவனாம். ரெயின் எடுத்து ஹம்முக்கு வந்து, முதல் கார்ட்டை உன்ர கையில தந்து, வாயால சொல்லிப்போட்டுப் போவம் எண்டுதான் உனக்கு அடிச்சவன். அவன்ர போனில இன்ரநெற் மட்டும்தானாம், கதைக்க ஏலாதாம், தான் தடுத்த வாட்சப்பில எடுக்க மனமும் வரேல்லையாம். அங்க வேலை செய்யிற ஒரு தமிழ்ப் பொடியன்ர போனை வாங்கி எடுத்தவனாம். நம்பர் இல்லை எண்டு ஒரு வெள்ளைக்காரி சொன்னவளாம்."

வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தீர்கள். "இந்தக் கண்ணுக்குத் தெரியாத சிம்மாலதான் அக்கா. இது வந்த நாளில இருந்து சரியில்லை" என்றீர்கள். நான் அங்கேயே நின்றேன், மகனே. வாய் நிறையக் குரல்கள் வைத்திருக்கிறவள், என் சொந்தக் குரலை எடுக்கவில்லை. பழி ஏற்க ஒரு சில்லு இருந்தது. அதற்கு வாய் இல்லை. நான் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் இன்றைக்கும் நினைத்துப்பார்க்க முடியாதது. நம்பர் வேலை செய்கிறது, திரும்ப ஒருதரம் எடு என்று மாமி சித்தப்பாவிடம் சொன்னா. சித்தப்பா நம்பவில்லை. "அண்ணை பொய் சொல்லலாம். மெசின் ஏன் அக்கா பொய் சொல்லப்போகுது?" என்று கேட்டாராம். உங்களுக்கு எரிச்சல் வந்தது. "நான் பொய் சொல்லுறன் எண்டோ சொல்லுறான்? அப்ப அவன் சொல்லாமலே செய்யட்டும்" என்றீர்கள். மாமி அங்கேயும் இங்கேயும் போன் எடுத்துக் களைத்துப்போனா. இரண்டு பேரும் உண்மைதான் சொன்னீர்கள். நடுவில் இருந்த ஒரே பொய் நான். "சித்தப்பா, அது மெசின் இல்லை" என்ற ஒரு வசனம் போதும். கலியாணத்துக்குக் கிழமைக் கணக்கில் நாள் இருந்தது, ரிக்கெட் எடுக்கலாம், லீவு கேட்கலாம். நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நாளை என்பது எங்கள் வீட்டில் எப்போதும் கையிருப்பில் இருக்கிற சாமான் என்று நினைத்தேன். நீங்கள் இடையில் ஈ-சிம்மைத் திட்டித் திரிந்தீர்கள். கடதாசிக்கூட்ட அண்ணைமாருக்கெல்லாம், "அதை மட்டும் போட்டிடாதேங்கோ, வாற போனைத் தின்னும்" என்று சொல்லி, இரண்டு பேரை மாறவிடாமல் தடுத்தும் விட்டீர்கள். ஒரு அப்பாவிச் சில்லின் பெயரையும் நான்தான் கெடுத்தேன்.

கலியாணத்தை நேரலையில் காட்டினார்கள். அங்கே காலை, எங்களுக்குப் பின்னேரம். அம்மா வேலையில். நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் போனைப் பால்மா டின்னில் சாத்திவைத்துப் பார்த்தீர்கள். பெரியப்பாவாக நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் பொம்பிளையின் மாமன் முறையில் யாரோ நின்றார். கெட்டிமேளம் கேட்டபோது எழுந்து நின்றீர்கள். குசினிக்குள், வேலை உடுப்போடு, ஒரு கையளவு திரைக்கு முன்னால். எனக்கு அதற்குமேல் ஏலவில்லை.

"அப்பா, அது சிம் இல்லை."

"எது?"

"அண்டைக்குச் சித்தப்பா எடுக்கேக்க, அந்த வெள்ளைக்காரி. நான்தான் அப்பா."

திரையில் ஆட்கள் வரிசையாக வந்து அறுகரிசி போட்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏச்சுக்கு நான் ஆயத்தமாக இருந்தேன். அடி விழுந்தாலும் சரி என்றிருந்தேன்.

"நீயோ எடுத்தனி?"

"ஓம்."

"அவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை அப்பா. 'அட' எண்டு மட்டும்."

"அட எண்டோ?" போனின் சத்தத்தைக் குறைத்தீர்கள். "எப்பிடிச் சொன்னவன்? ஒருக்காச் சொல்லிக் காட்டு."

யாருடைய குரலையும் ஒருதரம் கேட்டால் பிடித்துவிடுகிற எனக்கு அது வரவில்லை. மூன்று நாலு தரம் வாயைத் திறந்தேன். அந்த இரைச்சலும் அந்த மூச்சும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. ஆனால் அந்தச் சொல்லை நான் செய்துகாட்டினால் அது பகிடியாகிவிடும் போல இருந்தது. "எனக்கு வரேல்லை அப்பா" என்றேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நீங்கள் போய்ச் சப்பாத்தைக் கழற்றினீர்கள்.

அம்மா வந்து எல்லாம் கேட்டபிறகு நான் அவவிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்னட்டை ஏன் கேக்கிறாய், நான் என்ன கோயிலோ? டொரொண்டோவுக்கு எடு" என்றா. அடுத்தநாள், நீங்கள் வேலையில் இருக்கும்போது, மாமியிடம் நம்பர் வாங்கிச் சித்தப்பாவுக்கு எடுத்தேன். அவர் "ஹலோ" என்றார். என்ன சொல்வதென்று எழுதிவைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"சித்தப்பா, நான்தான் அந்த வெள்ளைக்காரி."

விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. சிம்மைச் சொன்னேன், பட்டன் போனைச் சொன்னேன், நூடில்சைக்கூடச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "எங்க, ஒருக்கா அவளை மாதிரிச் சொல்லு பாப்பம்" என்றார். மறுக்க எனக்கு உரிமை இல்லை என்பதால் அவளை மாதிரியே சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. "அச்சொட்டா அவளேதான்" என்றார். சிரிப்பார் என்று ஒரு கணம் நம்பினேன். சிரிக்கவில்லை. "அந்தக் குரலைத்தான் பிள்ளை நான் அந்தப் பிளேனில முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தனான். என்ர அண்ணை என்னை வேண்டாம் எண்டிட்டார் எண்டு. இப்ப கலியாணமும் முடிஞ்சுது, மண்டபக் கதிரையும் மடிச்சுக் குடுத்தாச்சு. அவருக்குச் சொல்ல என்னட்டை இனி என்ன கிடக்கு?" வைத்துவிட்டார். கோபமாக வைக்கவில்லை. அதுதான் இன்னும் பாரமாக இருந்தது.

நீங்கள் வந்ததும் அப்படியே சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, குரலும் மாற்றவில்லை. நீங்கள் யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: "அவனுக்குச் சொல்ல ஒண்டும் இல்லைத்தான். எனக்குக் கிடக்கு. பொம்பிளை மாப்பிளையை விருந்துக்குக் கூப்பிட வேணும். பெரியப்பன் வீட்டு விருந்தை ஒருத்தரும் மறிக்க ஏலாது."

"அப்ப போனில சொல்லுங்கோவன்."

"ஏன், திரும்ப முதல்ல இருந்தோ? நேர போய் வாயால சொல்லுறன்."

அதற்காகத்தான் இந்தப் பயணம். நீங்கள் வருகிறீர்கள் என்று மாமி சித்தப்பாவிடம் சொல்லிவிட்டா. "வந்தால் வரட்டும்" என்றாராம். அது கதவு திறக்கிற பேச்சா, பூட்டுகிற பேச்சா என்று கூடப்பிறந்த மாமிக்கே தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? கலியாணத்தை என்னால் திருப்பித் தர முடியாது. அந்த மத்தியானத்தையும் முடியாது. என்னால் முடிந்தது உங்கள் போனை ஒழுங்காக ஆயத்தம் செய்வது. செய்துவிட்டேன், கேளுங்கள்.

உங்கள் போனில் இப்போது இரண்டு இணைப்பு இருக்கின்றன. ஒன்றுக்கு 'ஹம்' என்று பெயர் வைத்திருக்கிறேன், அது உங்கள் பழைய நம்பர். மற்றதற்கு 'டொரொண்டோ'. வீட்டு வைஃபையில் இருக்கும்போதே பொதியை இறக்கிவிட்டேன், அங்கே விமானத்தால் இறங்கிப் போனைத் திறந்தால் அது தானாக விழிக்கும். அதில் நெற் மட்டும்தான், நம்பர் கிடையாது, சித்தப்பா பிராங்க்பேர்ட்டில் வைத்திருந்தது மாதிரி. வழி பார்க்கவும் எங்களோடு வாட்சப்பில் கதைக்கவும் அது போதும். ஹம் நம்பர் பக்கத்தில் விழித்தே இருக்கும், யாரும் எடுத்தால் அடிக்கும். ஆனால் அதில் நெற்றை மூடிவைத்திருக்கிறேன், திறந்துவிடாதீர்கள், பில்லைப் பார்த்து அம்மா மயங்கிவிழுவா. பயணம் முடிந்து டொரொண்டோவை நீக்குகிறேன் என்று அவசரத்தில் ஹம்மை நீக்கிவிடாதீர்கள். ஒருதரம் பாவித்த கியூஆர் கோடு அநேகமாகத் திரும்ப வேலை செய்யாது, நிறுவனத்திடம் புதிது கேட்க வேண்டியிருக்கும். யாராவது எடுத்து, நாங்கள் போன் கொம்பனி, உங்களுக்கு வந்த இரகசியக் கோடு எண்ணைச் சொல்லுங்கள் என்றால் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் நம்பர் அவர்கள் போனில் குடியேறிவிடும். அவர்கள் எவ்வளவு அழகாக ஜெர்மன் பேசினாலும் நம்பாதீர்கள். குரலை நம்பக்கூடாது என்பதை இந்த வீட்டில் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. வேலைக்கு அந்த இரண்டாவது பிளாஸ்ரிக் சிம்மும் வந்துவிட்டது. அது பட்டன் போனுக்குள் இருக்கிறது, திரும்பி வந்ததும் பாவிக்கலாம். தோடு அம்மாவின் காதிலேயே இருக்கட்டும்.

இதுவரை சொன்னது போனுக்கு. இனி உங்களுக்கு. சித்தப்பா வீட்டுப் படியில் ஏற முன்னம் போனைக் குளிர்கோட்டுப் பைக்குள் வையுங்கள். நான் எழுதித் தந்த விலாசம் சரிதான், மாமியிடம் திரும்பவும் கேட்டுவிட்டேன். நான் செய்ததை எனக்காக மன்னிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அது என் வேலை, நானே கேட்பேன். சாமத்திய வீட்டுச் செய்தியைப் பற்றி நீங்கள் ஏதும் சொல்வதா இல்லையா என்பது உங்கள் இருவர் விசயம், அதில் நான் தலையிட மாட்டேன். விருந்தை மட்டும் சொல்லுங்கள். முழு வசனமாகச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாதியில் விழுங்குகிற பழக்கம் இருக்கிறது.

அவர் கதவைத் திறக்காவிட்டால் அந்தப் படியில் நின்றே எனக்கு எடுங்கள். எந்த நேரமென்றாலும் எடுப்பேன், என்னுடைய குரலில்தான் எடுப்பேன், நீங்கள் திரும்பி வருகிற வரைக்கும் போனை வைக்காமல் கதைப்பேன். கதவு திறந்தால் எனக்கு எடுக்க வேண்டாம். வந்து சேர்ந்தேன் என்றுகூட எழுத வேண்டாம், உள்ளே போங்கள். அன்றைக்கு நான் குசினி மேசையில் என் போனை முன்னால் வைத்துக்கொண்டு இருப்பேன். பின்னேரம் வரை அது அடிக்காமல் கிடந்தால், பொழுதுபட்டும் அடிக்காமல் கிடந்தால், அம்மாவுக்குச் சொல்லி விருந்துக்கு அரிசி ஊறப்போடச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
நீங்கள் 'அம்மா' என்று கூப்பிடுகிறவள்